கட்டுரை நோட்டில் கரைவலைக்கு இடமுண்டா?

நம்ம பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத வரவில்லை என்று தமிழாசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது வந்த பிறகும் நடந்த ஒன்றைக் கோர்வையாக நாலு பத்தி எழுதத் தெரியவில்லையாம். இதே பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு சொல்லும் கதையை அவர்கள் கேட்டிருக்கிறார்களா? யார் முதலில் கை ஓங்கினான், இவன் என்ன சொன்னான், அவன் எப்படி ஓடினான் என்று ஒன்று விடாமல் சொல்லுவார்கள். கதை சொல்லத் தெரியாமல் இல்லை. நோட்டைத் திறந்ததும் அந்த வாய் அடைத்துப்போகிறது. அடைத்தது யார் என்பதுதான் கேள்வி.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒரு சட்டகம். நடுவில் நாலைந்து குறிப்புகள். கடைகளில் விற்கும் கையேடுகள் அதையும் விரித்துக் கொடுத்துவிடுகின்றன. கடற்கரை என்றால் அலை தாலாட்ட வேண்டும், தென்றல் தவழ வேண்டும், குடும்பத்தோடு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்ப வேண்டும். இது லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவனின் கடல். தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிற குடும்பத்துப் பிள்ளை இதை எழுதி மார்க் வாங்க வேண்டுமென்றால், முதலில் தன் அப்பனையும் ஆத்தாளையும் அந்தக் கரையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். மணலைத் தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்கிற பெண்களை அழிக்க வேண்டும். மீனவப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒன்றல்ல. ஆனால் கட்டுரை நோட்டு ரெண்டு பேரையும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது.

ஒரு பிள்ளை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “விடியக்காலம் அப்பா கூட வலை இழுக்கப் போனேன். கயிறு இழுத்துக் கையெல்லாம் எரிஞ்சிச்சு. மடியில சாளதான் கெடந்துச்சு. பங்கு பிரிக்கும்போது எங்களுக்குக் கொறச்சலா வந்துச்சு. அப்பா ஒண்ணும் பேசல.”

சிவப்பு மை என்ன செய்யும்? ‘எரிஞ்சிச்சு’ மேல் வட்டம். ‘கொச்சை’ என்று ஓரத்தில் ஒரு சொல். முன்னுரை எங்கே என்று ஒரு கேள்வி. ஆனால் இந்த ஐந்து வாக்கியங்களில் பொழுது இருக்கிறது, உடம்பு இருக்கிறது, பேசாமல் நின்ற ஒரு மனிதன் இருக்கிறான். திருத்துகிறவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. பங்கு பிரித்தது யார்? அப்பா எந்தப் பக்கம் பார்த்தார்? நீ என்ன செய்தாய்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாயா? இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதினால் ஐந்து வாக்கியம் ஒரு பக்கமாகிவிடும். பிள்ளைக்குச் செய்யும் உதவி என்பது இந்தக் கேள்விகள்தான்.

தலைப்பையும் சுருக்க வேண்டும். ‘கடற்கரை’ என்று கொடுத்தால் கையேடு வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நேத்து வலை ஏறினபோது’ என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே நாள், ஒரே சம்பவம். முதலில் வாயால் சொல்லட்டும், மற்ற பிள்ளைகள் குறுக்கே கேட்கட்டும், பிறகு எழுதட்டும். எழுத்துப்பிழை கடைசியில்.

மொழி விஷயத்தில் ஏமாற்று வேலை கூடாது. பரீட்சை எழுத்துத் தமிழில்தான் நடக்கிறது. பேச்சு மொழியே போதும் என்று பிள்ளையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைக்கு மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறவர் தோழர் அல்ல. ரெண்டையும் கையில் கொடுக்க வேண்டும். மனிதர்கள் பேசும்போது அவர்கள் பேச்சு அப்படியே நிற்கட்டும்; விவரிக்கும்போது இரண்டாம் படியில் எழுத்துத் தமிழ் வரட்டும். இதை ஒரு உத்தியாகச் சொல்லிக்கொடுக்கலாம், தண்டனையாக அல்ல. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் பேச்சு மொழியிலேயே வந்தது. இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. கே. ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. பாமாவின் புதுப்பட்டியும் குணசேகரனின் மாரந்தையும் 1985க்கு முந்தைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள்தான். நம்ம பிள்ளைகளுக்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை.

இன்னும் பக்கத்திலும் இருக்கிறது. அப்துல் கலாமின் அரசியலோடு நமக்கு வழக்கு இருக்கலாம். ஆனால் 1999இல் வெளிவந்த அவர் தன்வரலாற்றில் ராமேஸ்வரத்து அஞ்சாம் வகுப்பு ஒன்று வருகிறது. தொப்பி போட்ட பையன், பக்கத்தில் பூணூல் போட்ட அர்ச்சகர் மகன். புதிதாக வந்த வாத்தியார் தொப்பிக்காரனைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். மனசில் நின்றதாக அவர் எழுதுவது, தான் எழுந்து போனபோது அழுத நண்பனின் முகத்தை. தீண்டாமை பற்றி ஒரு பிரசங்கமும் அங்கே தேவைப்படவில்லை. ஒரு தொப்பி, ஒரு பூணூல், ஒரு வரிசை, ஒரு முகம் போதுமாயிருக்கிறது. வகுப்பில் இதை வாசித்துக் காட்டி, ‘ஏன் நண்பனின் முகத்தைச் சொல்கிறார்?’ என்று கேட்கலாம்.

தனுஷ்கோடியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், அதில் செத்த நூறுக்கும் மேற்பட்டவர்கள், பிறகு வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட ஊர். எல்லோரும் இதை எழுதுகிறார்கள். ரயிலும் கப்பலும் சுங்கமும் இருந்த ஊரில் மூட்டை தூக்கினவர் யார், ஸ்டேஷனைக் கூட்டினவர் யார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்? 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிச் சனம் மண்டபம் முகாமில் அடைபட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியது. அதில் பள்ளர், பறையர், சக்கிலியர் ஏராளம். போட் மெயிலின் பழம்பெருமையில் இவர்கள் காணாமல் போய்விட்டார்கள். இந்தக் கேள்விகளோடு பிள்ளைகளைக் கிழவன் கிழவிகளிடம் அனுப்பினால் அதுவே கட்டுரைப் பயிற்சி.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கத்து மலையூர் பார்பியானாவில் இப்படி ஒன்று நடந்தது. பாதிரியார் லொரென்ஸோ மிலானி நடத்திய பள்ளிக்கூடத்தில், ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களை ஃபெயிலாக்கி அனுப்பும் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967இல் அது புத்தகமானது. ஆளுக்கொரு குறிப்பேடு. ஒரு சீட்டில் ஒரு விஷயம். எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பதைக் கழித்து, மிச்சத்தை அடுக்கி, வேண்டாத சொற்களை வெட்டினார்கள். தாளும் கத்தரியும் போதும். தனுஷ்கோடிக்கு இது கட்டுபடியாகாத செலவல்ல.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடமும் ஒரு சட்டகம் இருக்கிறது. தலித் பிள்ளை என்றால் அவமானத்தை எழுது, பட்ட அடியை எழுது என்கிறோம். நாற்பது பேர் வகுப்பில், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முன்னால், பதிமூணு வயசுப் பிள்ளை தன் காயத்தை உரக்க வாசிக்க வேண்டுமா? மறுநாள் அதே பெஞ்சில் அதுதானே உட்கார வேண்டும்? எதை எழுதுவது, எதை ஒளித்துக்கொள்வது என்பது எழுதுகிறவனின் உரிமை. எழுதினதை வாத்தியாருக்கு மட்டும் காட்டலாம். யாருக்கும் காட்டாமல் மடித்தும் வைக்கலாம். கோழி பிடித்த கதையும், கபடியில் ஜெயித்த கதையும், அக்கா கல்யாணத்தில் சாப்பிட்ட கதையும் நம்ம கதைதான். சந்தோஷத்தை எழுதத் தெரிந்த பிள்ளை என்றாவது ஒருநாள் தானாகவே மற்றதையும் எழுதும். அதுவரை பேனாவைப் பிடுங்காமல் இருப்போம். சிவப்பு மையாலும் வேண்டாம், நம்ம கொள்கையாலும் வேண்டாம்.