பாலசரிதத்தில் ஹல்லீஸகம்

பாஸ மகாகவியின் பெயரால் வழங்கும் பாலசரிதம் ஐந்து அங்கங்களையுடைய நாடகம். கேரள நாட்டு ஏடுகளினின்று இதனை வெளிக்கொணர்ந்த த. கணபதி சாஸ்திரியார் 1912இல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். இதன் மூன்றாம் அங்கத்தில் தாமோதரன் ஆயர் சிறுமியரோடு ஹல்லீஸகம் ஆடுகிறான். இவ்வாடல் கதைக்கு வேண்டாதது, அவையோர் கண்களிக்க இடையே செருகியது என்பாருளர். நான்காம் அங்கத்தோடு சேர்த்து நோக்குவார்க்கு அக்கூற்று நில்லாது.

ஹல்லீஸகமாவது ஒருவன் தலைவனாக நிற்க, மகளிர் பலர் வட்டமாய் வந்து ஆடும் கூத்து. அலங்கார நூலார் இதற்குக் கோபியர் நடுவண் நின்ற கண்ணனையே எடுத்துக்காட்டாக்குவர். தமிழில் இதற்கு நிகராகக் கொள்ளத்தக்கது குரவை. வட்டத்தில் முதலும் கடையும் இல்லை. முன்னிற்பாரும் பின்னிற்பாரும் இல்லை. தன்னோடு ஒக்க ஒருவருமில்லாதவன் ஒருவர்க்கும் முற்படாமல் நிற்கும் இடம் இது. சௌலப்யம் என்று ஆசாரியர்கள் அருளிச்செய்யும் குணம் இங்கே சொல்லாக வாராமல் அடிவைப்பாக வருகிறது. பாஸன் வியாக்கியானம் எழுத வந்தவனல்லன். ஆயினும் ஆடலை அமைத்த முறை இப்பொருளுக்கு இடங்கொடுக்கிறது.

அங்குள்ள முதிய இடையன் சிறிய பாத்திரமே, ஆயினும் மறக்கவொண்ணாதவன். பூதனை, சகடம், மருதம் முதலிய செயல்களையெல்லாம் முன்னரே சொல்லி வியந்தவன் அவனே. ஆட்டம் தொடங்குங்கால் தனக்கு என்ன வேலை என்று கேட்கிறான். காண்பவனாக இருக்கும்படி தாமோதரன் விடையளிக்கிறான். கண்டு மகிழ்ந்தவன் தானும் ஆட விரும்பி, அப்போதே இளைத்துப் போகிறான். நகைச்சுவைக்கென்று வைத்ததுபோலத் தோன்றினும், அவையிலிருப்போரின் நிலையையே கவி அவன்மேல் ஏற்றினான் எனல் தகும்.

ஆடல் நிகழ்ந்துகொண்டிருக்கையில் அரிஷ்டன் எருதுருவாய் வருகிறான். வட்டம் கலைகிறது, அவன் மாள்கிறான். ஆயினும் ஹல்லீஸகம் அங்கே முடியவில்லை. அடுத்த அங்கத்தில் காளியன் பணங்களின்மேல் ஏறிய தாமோதரன் தான் அங்கு ஆடுவதையும் அப்பெயராலேயே குறிக்கிறான். இஃது எதிர்பாராத சொல்லாட்சி. பாம்பின்மேல் ஆடுவதை வேறு எப்பெயராலும் சொல்லியிருக்கலாம். கவி சிறுமியர் ஆடிய கூத்தின் பெயரையே அங்கும் வைத்தான். ஆய்ச்சியர் நடுவே இசைந்து வைத்த அடியும் நஞ்சுடையான் தலையில் மிதித்து வைத்த அடியும் ஒன்றே என்பது கருத்து. பரத்வம் ஓரிடத்திலும் சௌலப்யம் வேறோரிடத்திலும் கிடப்பனவல்ல.

திருவாய்மொழி ஆறாம் பத்தின் நான்காம் பதிகத்து முதற் பாசுரத்தில், ஆய்ச்சியரோடு குரவை கோத்தது முதலில் நிற்க, குன்றம் ஏந்தியதும் பொய்கை நாகத்தைக் காய்ந்ததும் அதன்பின் வருகின்றன. குரவையை அருஞ்செயல்களுக்கு இடையே கிடந்த விளையாட்டாக எண்ணாமல் அவற்றின் தலையில் வைத்த ஆழ்வார் திருவுள்ளமும் இந்நாடகத்தின் போக்கும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஒருவரை ஒருவர் அறிந்து பாடினர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை இதற்கு மறுதலை. அங்கே பால் உறையாமை முதலிய தீக்குறிகளைக் கண்டு அஞ்சிய பின்னரே குரவை எழுகிறது; இங்கே குரவைக்குப் பின்னரே அச்சம் வருகிறது. மடுவில் இறங்கப் புகுந்தவனைப் போகவொட்டாமல் தடுப்பவர் அச்சிறுமியரே. உடனாடியவர்க்கு அவன் பெருமை தெரியவில்லை. தெரிந்திருந்தால் கைகோத்திருப்பாரோ என்பதும் ஐயமே.