எல்லாம் தெரிந்த தளபதி

1815 ஜூன் 18 காலையில் நெப்போலியனுக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தி, வாட்டர்லூ போரை இன்று மேசைமேல் ஆடுகிற கல்லூரி மாணவனுக்குத் தெரியும்: பிற்பகலில் கிழக்கிலிருந்து புருசியப் படை வந்துவிடும். புருசியரைத் துரத்தப் போன தளபதி குரூசி, தன்னோடிருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் உரிய நேரத்தில் வந்துசேர மாட்டார் என்பதும் தெரியும். ஆகவே நெப்போலியனாக அமர்பவர், நெப்போலியன் செய்யாததைத்தான் முதலில் செய்வார். இரவு பெய்த மழையில் நனைந்த தரை காயட்டும் என்று காத்திருக்காமல் தாக்குதலைத் தொடங்குவார். வலப்பக்கத்தில் முன்கூட்டியே ஒரு படையை நிறுத்திவைப்பார். வென்றும் விடலாம். ஆனால் அவர் வென்றது வாட்டர்லூவைத்தானா?

வரலாற்றுப் போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மறுபடி நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றி நிற்கிறது. ஆறடிக்கு நான்கடி மேசை, அதன்மேல் குன்றும் வேலியும் வீடும், 28 மில்லிமீட்டர் உயர உலோக அல்லது பிளாஸ்டிக் வீரர்கள், அளவு நாடா, பகடை, தடித்த விதிப்புத்தகம். ஆளுக்கொரு முறை என்று படைகளை நகர்த்தி, பகடை உருட்டி, விழுந்தவர்களை மேசையிலிருந்து எடுக்கிறார்கள். வெறும் விளையாட்டு என்று மட்டும் சொல்லிக்கொண்டால் கேள்வி எதுவும் இல்லை. சதுரங்கத்திடம் யாரும் வரலாறு கேட்பதில்லை. இது தன்னை வரலாற்று விளையாட்டு என்று அழைத்துக்கொள்கிறது. அந்த உரிமைகோரலைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான் பயன்படுத்தும் படிக்கல் ஒன்றே: ஒரு போர் விளையாட்டின் உண்மை, அது கண்ணுக்குக் காட்டுவதைவிட, ஆடுபவரிடமிருந்து எதை மறைக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்கு இரண்டு மூதாதையர் உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் எதிரான குணம் கொண்டவர்கள். முதலாவது, புருசிய இராணுவத்தின் கிரீக்ஸ்பீல். ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தந்தை தொடங்கிய வேலையைத் திருத்தி 1824இல் இதன் விதிகளை வெளியிட்டார். பார்ப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. 1:8000 அளவில் வரைந்த நில வரைபடம், அதன்மேல் சிறு உலோகக் கட்டைகள், பகடை; அவ்வளவுதான். ஆனால் இதில் நடுவர் ஒருவர் இருந்தார். இரு தரப்பினரும் கட்டளைகளை எழுதி அவரிடம் கொடுப்பார்கள்; எந்தப் படை எதிரியின் கண்ணில் படுமோ அதை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். ஒவ்வொரு முறையும் போர்க்களத்தின் இரண்டு நிமிடம். இராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் மியூஃப்லிங் இதைப் பார்த்து வியந்து இராணுவத்துக்குப் பரிந்துரைத்தார். 1870-71இல் புருசியா பிரான்ஸை வீழ்த்திய பிறகு மற்ற நாட்டு இராணுவங்களும் இதைத் தேடிப் போயின.

இரண்டாவது மூதாதை எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் போர் நடப்பது வீட்டுத் தரையில். வண்ணம் பூசிய பொம்மை வீரர்கள் நிற்க, மரக்குச்சியைச் சுடும் வில்சுருள் பீரங்கியால் அவர்களை உண்மையாகவே அடித்து வீழ்த்த வேண்டும். நடுவரும் வரைபடமும் இல்லாத இந்த ஆட்டத்தில் எல்லாம் கண்முன் விரிந்துகிடக்கிறது. அதுதான் அதன் சுவை. உண்மைப் போரைவிட இது எவ்வளவோ மேல் என்றும் வெல்ஸ் அந்நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே ஐரோப்பா பற்றி எரிந்தது. போரை ஒழிக்கப் போகும் போர் என்று அதை ஆதரித்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். பொம்மைப் போர் நிஜப் போருக்கு மாற்றாகும் என்ற வாதத்தை அதை எழுதியவராலேயே ஓராண்டுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை.

பிற்காலப் பொழுதுபோக்கு பெரும்பாலும் வெல்ஸின் வழியிலேயே நடந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவான பிளாஸ்டிக் வீரர்களைச் சந்தைக்குக் கொண்டுவர, இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ ஆடும் முறையைச் சாமானியருக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றிலிருந்து இதன் முகவரி வண்ணம் பூசிய வீரர்கள்தான். ஒரு படைப்பிரிவின் கழுத்துப்பட்டை மஞ்சளா வெள்ளையா, பொத்தான் பித்தளையா ஈயமா என்று தேடித் தேடிப் பூசுகிறார்கள். கொலுப்படியில் பொம்மை அடுக்குபவரின் அதே சிரத்தை இவர்களிடமும் இருக்கிறது. படைப்பு என்ற அளவில் அது மதிக்கத்தக்க கைவேலை. அந்தத் தேடலில் ஆவணக்காப்பகம்வரை போகிறவர்களும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் பூசிய படையை வரைபடத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்க யாருக்கு மனம் வரும்? வீரர்கள் எவ்வளவு அழகாகிறார்களோ, அவ்வளவுக்கு எல்லாரையும் மேசைமேல் நிறுத்த ஆசை வருகிறது. எல்லாரும் மேசைமேல் நின்றதும் கிரீக்ஸ்பீல் கண்டுபிடித்த உண்மை வெளியேறிவிடுகிறது.

குறைகளுக்குப் போகுமுன் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். அவை சிறியவை அல்ல. முதலாவது நிலம். வாட்டர்லூவில் வெலிங்டன் தன் படையை மேட்டின் பின்சரிவில் நிறுத்தினார் என்ற வரியைப் புத்தகத்தில் படித்துக் கடந்துவிடலாம். மேசையில் ஒரு மேட்டை வைத்து, எதிர்ப்பக்கத்துப் பீரங்கியின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், குறிவைக்க ஒன்றுமே தெரியாத வெற்று முகடு மட்டும் நிற்கும். அந்த வரிக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. இரண்டாவது, முடிவின் சுமை. காப்புப் படையை இப்போது அனுப்புவதா, இன்னும் சற்றுப் பொறுப்பதா என்று தானே தீர்மானிக்க நேர்ந்தவர், பிறகு எந்தத் தளபதியையும் எளிதில் முட்டாள் என்று எழுதமாட்டார். மூன்றாவது, தற்செயல். நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியது என்ற மயக்கத்தை வரலாற்று நூல்கள் தம்மையறியாமல் உண்டாக்கிவிடுகின்றன. ஒரே போரைப் பலமுறை ஆடி வெவ்வேறு முடிவுகளைக் கண்டவருக்கு அந்த மயக்கம் இருக்காது.

மறைக்கத் தெரிந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1942இன் லிவர்பூல் சான்று. ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைக் கொத்துக்கொத்தாக மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் பெண்கள் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்களும் ஓர் அறையின் தரையையே அட்லாண்டிக் கடலாக்கினார்கள். ஆடும் அதிகாரிகள் துணித்திரைக்குப் பின்னால் நின்று சிறு துளை வழியாகவே பார்க்க வேண்டும். தம் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். நீர்மூழ்கிகள் வெளியே நின்று சுடவில்லை, கப்பல் வரிசைக்குள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்ற முடிவுக்கு அவர்கள் இந்தத் தரையில்தான் வந்தார்கள். அதிலிருந்து பிறந்த எதிர்த்தாக்குதல் முறைகள் நிஜக் கடலுக்குப் போயின. ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அங்கே பயின்றார்கள். பொம்மைக் கப்பலின் அழகு அங்கே யாருக்கும் பொருட்டாக இல்லை.

அதே ஆண்டு ஜப்பானில் எதிர்மறை உதாரணம் ஒன்று நடந்தது. மிட்வே தாக்குதலுக்கு முன் நடத்திய விளையாட்டில் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதாகப் பகடை சொன்னது. அட்மிரல் உகாக்கி, கப்பல்கள்மேல் பட்ட குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தீர்ப்பைத் திருத்தினார். மூழ்கிய ‘காகா’ அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூனில் நடந்த உண்மைப் போரில் ‘காகா’ உட்பட நான்கு விமானந்தாங்கிகள் போயின. விரும்பாத விடையை ஏற்க மறுக்கும் விளையாட்டு, ஆடுபவரின் ஆசையைத்தான் திருப்பிச் சொல்லும்.

இப்போது குறைகள். மேசையைச் சுற்றி நிற்பவர் வானத்திலிருந்து பார்க்கிறார். புகை, தூசு, வழிதவறிய தூதன், பொய்த் தகவல் எதுவும் அவரைத் தொடுவதில்லை. சொன்ன கணத்தில் படை நகர்கிறது. அளவும் பொருந்தாது. 28 மில்லிமீட்டர் வீரன் நிஜ மனிதனின் அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், துப்பாக்கி ஓரளவு குறிதவறாமல் சுடும் 100 மீட்டர், மேசையில் ஏறக்குறைய 1.7 மீட்டர் ஆகவேண்டும். வாட்டர்லூவின் ஐந்து கிலோமீட்டர் முனைக்கு 80 மீட்டருக்கு மேல் நீளமான மேசை வேண்டும். ஆகவே தூரத்தைச் சுருக்கி, ஒரு வீட்டைக் கிராமம் என்றும் இருபத்து நான்கு வீரர்களை அறுநூறு பேர் என்றும் ஒப்புக்கொண்டு ஆடுகிறார்கள். இந்தச் சமரசம் தவிர்க்க முடியாதது, மன்னிக்கத்தக்கது. மன்னிக்கக் கடினமானது புள்ளிக்கணக்கு. ஒவ்வொரு படைவகைக்கும் விலைவைத்து, இருதரப்பும் சமமான தொகைக்குப் படை திரட்டிப் போட்டி நடத்தும் வழக்கம் அது. சமமான பலத்தோடு சண்டைக்குப் போக எந்த நல்ல தளபதியும் விரும்பியதில்லை. சமமின்மையை உண்டாக்குவதுதான் அவர் தொழிலே. அசீரியரும் நார்மன்களும் மோதும் பந்தயங்கள் பொழுதைப் போக்கலாம், வரலாற்றைத் தொடுவதில்லை.

இந்தக் குறைகள் சேர்ந்து எப்படி ஒரு போரையே பொய்யாக்கும் என்பதை நமக்கு அருகிலுள்ள களத்தில் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தார்கள். நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைந்த அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மைசூரின் ராக்கெட்டுகள், வெடித்துச் சிதறிய கும்பினியின் வெடிமருந்து வண்டிகள், சதுரமாக நின்று மடிந்த காலாட்படை என்று மேசைக்கு வேண்டிய காட்சியெல்லாம் இதில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்புவே இதைத் தீட்டச் செய்தார்.

ஆனால் இந்தப் போரில் கும்பினி தோற்ற இடம் மேசைக்கு வெளியே இருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் கொசஸ்தலையாற்றங்கரைக்கு வந்த பெய்லி அன்றே கடக்காமல் தங்கினார். இரவில் வெள்ளம் ஏறியது, பல நாட்கள் அக்கரைக்குப் போக முடியவில்லை. காஞ்சிபுரத்தில் கும்பினியின் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்ரோ, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்திலிருந்தும் உரிய நேரத்தில் போகவில்லை. அவர் கையிலிருந்த தானியம் காஞ்சிபுரத்தில் இருந்தது. அதை விட்டுப் போனால் படைக்குச் சோறில்லை. அடுத்த ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்ற அயர் கூட்டும், வண்டி மாடும் குதிரையும் இல்லாமல் வெற்றியைத் தொடர முடியாமல் திணறினார். ஆறு, அரிசி, மாடு: இந்தப் போர்களைத் தீர்மானித்த மூன்றுக்கும் மேசையில் இடமில்லை. ஆட்டம் தொடங்கும்போது படைகள் ஏற்கெனவே எதிரெதிரே வந்து நிற்கின்றன. அதாவது, தளபதிகளின் முக்கியமான தவறுகள் எல்லாம் செய்து முடிக்கப்பட்டுவிட்டன.

அறம் சார்ந்த கேள்வியும் இங்கேயே எழுகிறது. மேசையிலிருந்து எடுக்கப்படும் பொம்மை செத்தானா, காயம்பட்டானா, ஓடிப்போனானா என்று விதி சொல்வதில்லை. படையோடு நடந்த சமையல்காரர், மாட்டுக்காரர், பெண்கள், குழந்தைகள் அங்கே இல்லை. ஹைதரின் படையெடுப்பைத் தொடர்ந்து சென்னைப் பகுதியைப் பிடித்த பஞ்சமும் இல்லை. சூலூப் போர்கள் போன்ற குடியேற்ற ஆதிக்கப் போர்களில், சொந்த மண்ணைக் காத்தவர்கள் விதிப்புத்தகத்தில் வெறும் திரளாக வருகிறார்கள். பெயரும் திட்டமும் மறுபக்கத்துக்கே. இந்த விளையாட்டை ஆடுவோர் போர்வெறியர்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதல்ல. ஃபெதர்ஸ்டோனைப் போல உண்மைப் போரைப் பார்த்துவிட்டு வந்தவர்களே இதை வளர்த்தார்கள். குற்றம் அவர்கள் மனத்தில் இல்லை. எதை எண்ணிக்கையில் சேர்ப்பது என்று விதி எழுதுபவர் செய்யும் தேர்வில் இருக்கிறது.

தேர்வு என்பதால்தான் திருத்தமும் சாத்தியம். சில விதிநூல்கள் பாதி வழி வந்திருக்கின்றன. 1990இல் வெளியான ‘டிபிஏ’, பன்னிரண்டு படைக்கூறுகள் மட்டுமே கொண்ட சிறு ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. அதில் விழுந்த எண்ணிக்கைக்குத்தான் கட்டளையிடலாம். ஒன்று விழுந்தால் மற்ற படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். சொன்னது நடக்காமல் போகும் எரிச்சலை ஒரே பகடையில் கொண்டுவந்த விதி அது. இடத்தையும் பெயரையும் மாற்றி, இது எந்தப் போர் என்று தெரியாமலே ஆடவைப்பவர்களும் இருக்கிறார்கள். புள்ளலூரை அப்படி ஆடலாம். மன்ரோவாக ஆடுபவரை அடுத்த அறையில் உட்காரவைத்து, பீரங்கிச் சத்தம் கேட்கிறது என்ற ஒரே செய்தியையும் மூன்று நாள் அரிசிக் கணக்கையும் மட்டும் கொடுத்தால், அவர் ஏன் போகவில்லை என்பது எந்தப் புத்தகத்தைவிடவும் நன்றாக விளங்கும்.

இதற்கெல்லாம் புதிய பொம்மையோ புதிய விதிநூலோ வேண்டியதில்லை. ஒரு நடுவர் போதும். இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த வழியில் பெரும்பாலும் கைவிட்டது அவரைத்தான். காரணமும் எளியது: வாரத்தில் கிடைக்கும் ஒரே மாலையில் மற்றவர்கள் ஆட, தான் சும்மா நிற்க யாரும் விரும்புவதில்லை. நண்பர் குழுவில் ஒருவராவது தன் படையை அலமாரியில் வைத்துவிட்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டால், மற்றவர்கள் ஆடுவதை வரலாறு என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரை அது அழகான, நேர்த்தியான, எல்லாம் தெரிந்த தளபதிகளின் சதுரங்கம்.