பெயருக்கு ஒரு புத்தகம், அளவுக்கு இன்னொன்று

எட்வர்ட் டுவெல்லியின் கேலிக் அகராதியை (1901–1911) இப்பத்தான் நிதானமா புரட்டினேன். மனுஷன் ஆங்கிலேயர். ஸ்காட்லாந்து கேலிக்கைக் கற்று, 70,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து, அச்சும் தானே கோத்தவர்.

கலப்பைக்குப் படம் போட்டு, பாகம் பாகமாகப் பெயர் சொல்கிறார். அருமை! ஆனால் மூலிகை என்று வந்தால், பெரும்பாலும் தாவரவியல் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார். 'லுஸ் நம் பன்-ஷீ' என்றால் தேவதைப் பெண்களின் செடி, ஆங்கிலத்தில் ஃபாக்ஸ்குளோவ். இதயத்துக்கு மருந்தும் அதுதான், கொஞ்சம் மிஞ்சினால் விஷமும் அதுதான். எவ்வளவு கொடுத்தேன், யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று வில்லியம் விதரிங் 1785-லேயே எழுதி வைத்துவிட்டார்.

இது அகராதியின் குறை இல்லைதான். ஆனா, பெயர் தெரிந்தாலே மருந்தும் தெரிந்த மாதிரி நமக்கு ஒரு மயக்கம் வருதே, அங்கதான் ஆபத்து.