'பே' என்றால் பேயா?

கொடகவெலப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை வீட்டில் 'வாப்பா' என்கிறது, பரீட்சைத் தாளில் 'தந்தை' என்று எழுதுகிறது, கடைத்தெருவில் சிங்களம் பேசுகிறது. அதனிடம் அருஞ்சொல் பட்டியலை மட்டும் கொடுத்து மனனமிடச் சொன்னால் இரண்டு நாளில் மறந்துவிடும். சொல் தங்கக் கதை வேண்டும்.

அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' இதற்கு நல்ல சான்று. தலைப்பிலேயே பிள்ளை கேட்கும்: "பே எண்டா என்ன, பேயா?" இல்லை. அது துருக்கிப் பட்டம். 'பாஷா'வுக்கு அடுத்த படி. மிஸ்ரிலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்து சேர்ந்த ஒராபி பாஷாவோடு சித்திலெப்பை பழகியவர். குழந்தையிலே களவாடப்பட்ட மிஸ்ர்ப் பிள்ளையின் கதை இது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலே சொல்லின் கருத்தையும் இழுத்து வரும்.

குறையும் உண்டு. அந்தப் பழைய நடை இன்றைய பதின்மூன்று வயதுக்குத் தனியே ஓடாது. உம்மாவோ ஆசிரியரோ உடனிருந்து வாசிக்கட்டும். பிள்ளை முதலில் ஊகிக்கட்டும், அகராதி பிறகு வரட்டும். இலேசாக்குகிறோம் என்று 'பே'யைப் 'பிரபு' ஆக்கிவிட வேண்டாம். அந்தச் சொல் போனால், கண்டியும் மிஸ்ரும் ஒரே பேச்சில் கலந்திருந்த காலமும் கூடவே போய்விடும்.