வெள்ளுடையுங் குற்றமும்: சதர்லாந்தின் நூல் பற்றியதொரு மதிப்பீடு

குற்றம் வறுமையிற் பிறப்பது என்பது உலகோர் நெடுங்காலமாகக் கொண்டிருந்த கருத்து. சிறைக்கூடங்களில் அடைபட்டிருப்போருட் பெரும்பாலோர் ஏழைகளாயிருத்தலே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அமெரிக்கச் சமூகவியலறிஞர் எட்வின் சதர்லாந்து இச்சான்றையே ஐயுற்றார். 1939 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்கச் சமூகவியற் கழகத்தின் தலைவராக ஆற்றிய பேருரையில், 'வெள்ளைக் கொலர் குற்றம்' என்னுந் தொடரை அவர் அறிமுகஞ் செய்தார். மதிப்பும் உயர்நிலையும் வாய்ந்த ஒருவர் தம் தொழிலை நடாத்துமிடத்து இழைக்குங் குற்றமே அதுவாம். 1949 இல் அதே பெயருடைய நூல் வெளிவந்தது.

நூலின் வலிமை அதன் சான்றுகளிலுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பனிகள் 70 ஐ எடுத்துக்கொண்டு, அவற்றுக்கெதிராக நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும் வழங்கிய தீர்ப்புக்களை அவர் தொகுத்தார். தொகை 980, கம்பனியொன்றுக்குச் சராசரி 14. தீர்ப்பேதும் பெறாத கம்பனி ஒன்றேனுமில்லை. வணிகப் போட்டியை ஒடுக்கியமை, பொய் விளம்பரம், காப்புரிமை மீறல், தொழிலாளர்க்கிழைத்த அநீதி முதலியன அவற்றுள் அடங்கும். இக்கம்பனிகளை நடாத்தியோர் வறியரல்லர். ஆகவே, வறுமையொன்றே குற்றத்தின் வேர் என்னுங் கொள்கை நிலைபெறாதாயிற்று.

எனினும், நூலிற் குறையில்லை எனல் பொருந்தாது. 980 தீர்ப்புக்களுள் குற்றவியல் நீதிமன்றங்கள் வழங்கியவை 158 மாத்திரமே. எஞ்சியவற்றையுங் குற்றமெனக் கொள்ளலாமோ? நீதிமன்றங் குற்றவாளியெனத் தீர்த்தவனே குற்றவாளி என, 1947 இல் போல் தப்பன் என்னும் அறிஞர் வாதிட்டிருந்தார். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. குற்றவாளி என்னும் பெயரைச் சூட்டுவதில் அவசரப்படின் நீதியே பழுதுறும். ஆயின், சட்டம் இயற்றப்படும்போதும் செயற்படுத்தப்படும்போதும் செல்வரின் செல்வாக்கு அதனுட் புகுகின்றது என்பது சதர்லாந்தின் விடை. கள்வனுக்குச் சிறையும் கம்பனிக்கு எச்சரிக்கைக் கட்டளையுங் கிடைக்குமாயின், வேறுபாடு செயலிலன்று, செய்வோனின் நிலையிலேயே உள்ளது. இவ்விடை வலியுடையது. அவரது மற்றொரு குறைக்கோ விடையில்லை. வரைவிலக்கணந் தனிமனிதரைச் சுட்ட, கணக்கெடுப்புக் கம்பனிகளைச் சுட்டுகின்றது. முடிவெடுத்த மனிதர் யாவர் என்பது தொகையினுள் மறைந்துபோகின்றது.

இக்குற்றத்தாற் சமுதாயம் அடையுந் தீங்கை நூலாசிரியர் நுட்பமாக உணர்ந்திருந்தார். பொருளிழப்பினும் நம்பிக்கையிழப்பே பெரிது என்பது அவர் துணிபு. வங்கியிற் பணமிடுவோனும் மருந்து வாங்குவோனும் முன்பின் அறியாதாரை நம்பியே வாழ்கின்றனர். அந்நம்பிக்கை சிதையின், நேர்மையான வணிகனும் ஐயத்துக்குள்ளாவான். 2001 டிசெம்பரில் என்ரோன் கம்பனி வங்குரோத்தடைந்தபோது, பொய்க்கணக்கை எழுதாத ஊழியர் பலர் வேலையோடு ஓய்வுகாலச் சேமிப்பையும் இழந்தமை இத்துணிபுக்கு ஏற்ற சான்று.

இந்நூலின் வரலாறே அதன் கருத்தை மெய்ப்பிக்கின்றது. மானநட்ட வழக்குக்கு அஞ்சிய பதிப்பகத்தார், கம்பனிகளின் பெயர்களை நீக்குவித்தே 1949 இல் அதனை வெளியிட்டனர். ஆசிரியர் 1950 இல் மறைந்தார். பெயர்களுடன் கூடிய முழுநூல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக 1983 இலேயே வெளிவந்தது. சிறு கள்வனின் பெயர் மறுநாட் செய்தித்தாளில் வரும். இப்பெயர்கள் நூலேறுவதற்கோ 34 ஆண்டுகள் சென்றன. குறைகள் உளவாயினும், குற்றத்தை ஆராய்வோர் சிறைச்சாலையை மட்டுமன்றி அலுவலகத்தையும் நோக்க வேண்டும் என்று உணர்த்திய இந்நூல், மாணவர் கற்கத்தக்கதேயாம்.