எண்ணெய்க் காசுக்கு எழுதும் செய்தி

மலேசியத் தமிழ் நாளேடுகளைப் புரட்டினால் பினாங்குச் செய்தி கண்ணில் படாத நாள் குறைவு. பிறையில் ஆலயத் திருப்பணிக் கூட்டம், பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிப் போட்டி விளையாட்டு, புக்கிட் மெர்தாஜாமில் மூத்தோருக்கு அன்பளிப்பு என்று வரிசையாக வரும். நாளேட்டின் தலைமையகமோ கோலாலம்பூரில். அங்கிருந்து யாரும் இதற்காகக் கிளம்பி வருவதில்லை. எழுதி அனுப்புபவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு மட்டும் காசு. பல வேளை நியமனக் கடிதம்கூட இருக்காது.

இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடவும் முடியாது, தமிழ்த்தொண்டு என்று மாலை போட்டு மூடிவிடவும் கூடாது. இந்த ஏற்பாடு எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று கணக்குப் பார்ப்பதே நியாயம்.

முதலில் வரவு. பிறை நிருபர் பிறையிலேயே குடியிருப்பவர். தாமான் சாய் லெங்கில் எந்த வீதியில் வெள்ளம் ஏறும், எந்தக் கோயில் நிர்வாகத்தில் இரண்டு அணி, எந்தப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஆங்கில, மலாய் ஏடுகள் எப்போதாவது எழுதும். இவர் வாராவாரம் எழுதுவார். தலைநகரிலிருந்து சம்பள நிருபர் ஒருவரை அனுப்பினால், இந்தப் பழக்கம் கைவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இலக்கியப் பக்கத்திலும் இதே கதைதான். தமிழ் நேசன் நாளேடு 1950 வாக்கில் கதை வகுப்பு நடத்தியது, எழுபதுகளில் சிறந்த சிறுகதைக்குப் பவுன் பரிசு தந்தது. இரண்டுமே சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களை நம்பிச் செய்த காரியங்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அப்படித்தான் எழுத்தாளர் ஆனார்கள். ரெ. கார்த்திகேசு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே நாவல், சிறுகதை, விமர்சனம் என எழுதிக் குவித்தார். சோற்றுக்கு எழுத்தை நம்ப வேண்டியிராததால் யாருடைய மனம் கோணுமோ என்ற கவலை அவருக்கு இல்லை. வேறு வருமானம் தரும் இந்தச் சுதந்திரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இனி செலவு. பிறையிலிருந்து, தீவில் மாநில அரசு இயங்கும் கொம்தாரில் பத்து மணிச் செய்தியாளர் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் பினாங்குப் பாலக் கட்டணம் இல்லை. மழைக்குப் பயந்து காரை எடுத்தால் டோல் உண்டு, அங்கே வண்டி நிறுத்தவும் காசு. கூட்டம் முடிந்து, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கைப்பேசியிலேயே செய்தியைத் தட்டி முடிக்கும்போது அரைநாள் போயிருக்கும். மறுநாள் அது இரண்டு பத்தியாக வந்தாலும் வரலாம், இடமில்லை என்று விடுபட்டாலும் போகலாம். விடுபட்டால் எண்ணெய்க் காசும் கைப்பணம்தான்.

இந்த இடத்தில்தான் உறை நுழைகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவர் தோளில் கைபோட்டு, "எண்ணெய்க்கு வெச்சுக்குங்கண்ணே" என்று சட்டைப்பையில் திணிப்பார். அதில் ஐம்பது வெள்ளி இருக்கும். வாங்குபவரை லஞ்சப் பேர்வழி என்று திட்டுவது சுலபம். ஏடு தர வேண்டிய பயணச் செலவை மேடைக்காரர் தருகிறார் என்பதே உண்மை நிலை. 2024-ல் புதுப்பித்து வெளியிட்ட பத்திரிகையாளர் நெறிமுறை நேர்மையையும் வெளிப்படைத்தன்மையையும் நிருபரிடம் கேட்கிறது. கேட்கட்டும். ஆனால் அந்த நேர்மைக்கான செலவு யார் கணக்கில்?

உறையால் பொய்ச் செய்தி வருவது அபூர்வம். பெரிய சேதம் வேறு இடத்தில் நிகழ்கிறது. ஏற்பாட்டாளர் இருக்கும் செய்தி மட்டுமே செய்தியாகிறது. திறப்பு விழாவுக்கும் காசோலை வழங்கலுக்கும் ஏற்பாட்டாளர் உண்டு. பிறைத் தொழிற்பேட்டையில் குத்தகை வேலையில் இருப்பவரின் சம்பளப் பாக்கிக்கு ஏற்பாட்டாளர் கிடையாது. இடம்பெயர்க்கப்பட்ட தோட்டக் குடும்பத்தின் வீட்டுப் பிரச்சினைக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. அதை எழுத நான்கு முறை அலைய வேண்டும், ஆவணம் தேட வேண்டும், மறுதரப்பைக் கேட்க வேண்டும். இரண்டு பத்தி விழாச் செய்திக்கும் இந்த அலைச்சலுக்கும் ஒரே கூலி என்றால், புத்தியுள்ள யாரும் விழாவுக்குத்தான் போவார்கள். எழுதிய பிறகு அவதூறு வழக்கு வந்தால், சம்பள நிருபருக்கு நிறுவனத்தின் வழக்கறிஞர் துணை நிற்பார். பகுதிநேரக்காரருக்கு அந்த உத்தரவாதம் எழுத்தில் இல்லை.

வேறு வேலையில் இருந்துகொண்டு எழுதுபவரின் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. நம் எழுத்தாளர்களில் பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் 1993-ன்படி வெளி வேலைக்கு அனுமதி வேண்டும். அரசின் கொள்கையைப் பொதுவில் சாடக் கூடாது. தமிழ்ப்பள்ளியின் உள்நிலவரம் யாருக்கு நன்றாகத் தெரியுமோ, அவர்தான் அதைப் பற்றி வாய்திறக்க முடியாதவர். ஆகவே அவர் கவிதை எழுதுவார், தன்முனைப்புக் கட்டுரை எழுதுவார்; கல்வி அமைச்சைப் பற்றி எழுத மாட்டார்.

நாளேடுகளிடம் பணம் இல்லை என்பது வெறும் சாக்கு அல்ல. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டு, பெரிய வாசகர் பரப்புள்ள மலாய் நாளேடான உத்துசான் மலேசியாவே முடங்கியது. வட்டாரத்துக்கு ஒரு முழுநேர நிருபர் என்று கேட்பது இன்று நடக்காத காரியம்.

நடக்கக்கூடியவை இருக்கின்றன. விழாச் செய்திக்கு ஒரு கூலி, விசாரித்து எழுதும் செய்திக்கு அதைவிடப் பல மடங்கு கூலி என்று பிரிக்கலாம். மாதம் அப்படி ஒரு செய்தி வந்தாலே பக்கத்தின் தரம் மாறும். வழக்கு வந்தால் துணை நிற்போம் என்று ஒரு பக்கக் கடிதம் தரலாம். அதற்குச் செலவு அநேகமாக இல்லை. உறையில் போகும் பணத்தை விளம்பரப் பிரிவுக்குத் திருப்பி, அந்த விழாவை விளம்பரம் என்று குறிப்பிட்டே போடலாம். இயக்கங்களுக்கு அதில் நட்டமில்லை, ஏட்டுக்கு வரவு.

சமூகப் பாதுகாப்பில் நிருபரும் கொஞ்சம் விழிக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்புக்கு 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊழியர் சேமநிதியில் தாமே சந்தா செலுத்தவும் வழி இருக்கிறது. 2025-ல், வேலைக்கு வேலை கூலி பெறும் கிக் தொழிலாளருக்கான சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் புக்கிட் மெர்தாஜாம் உறுப்பினரான அப்போதைய மனிதவள அமைச்சர் ஸ்டீவன் சிம். அந்த விவாதத்தில் உணவு விநியோகிப்போரின் குரல் கேட்டது, ஏனென்றால் அவர்கள் கூடிப் பேசினார்கள். பகுதிநேர நிருபர்கள் ஊர் ஊராக நடக்கும் எல்லாச் சங்கக் கூட்டங்களையும் எழுதுகிறார்கள். தங்களுக்கென்று ஒரு கூட்டம் போட்டதாகச் செய்தி வருவதில்லை.

கணக்கை முடித்தால், பகுதிநேர முறை ஒழிய வேண்டியது அல்ல. அது இல்லையென்றால் பிறையின் பெயரே தமிழ் ஏட்டில் வராது. ஆனால் இன்றுள்ள வடிவில் அது கூப்பிட்டவர் வீட்டுச் செய்தியை மட்டுமே தருகிறது. கூப்பிட ஆளில்லாதவனின் செய்திக்கு ஏடு கூலி கொடுக்கத் தொடங்கும்வரை, வடக்கே பினாங்கிலிருந்து மாலைகளின் படங்கள்தான் வந்துகொண்டிருக்கும்.