எளிய எந்திரமும் அரைகுறை வாக்கியமும்

எளிய எந்திரங்களைப் பற்றித் தமிழில் பாடம் எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றனர்: ‘வேலையை எளிதாக்கும் கருவியே எளிய எந்திரம்.’ பின்னர் நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு என்னும் பெயர்கள் வரிசையாக வரும். மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பர். இப்பெயர்களில் குறை காண இடமில்லை; அவை தெளிந்த தமிழ்ச் சொற்கள். குறை அந்தத் தொடக்க வாக்கியத்திலேதான் உள்ளது.

‘வேலை’ என்ற சொல்லுக்கு நாம் இரு பொருள் கொள்கிறோம். தொழில், உழைப்பு என்பது வழக்குப் பொருள். விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது பௌதிகப் பொருள். பாடம் முதற்பொருளில் தொடங்கி, அறிவிப்பின்றி இரண்டாம் பொருளுக்குத் தாவுகிறது. விளைவு என்ன? எந்திரம் வேலையின் அளவையே குறைத்துவிடுகிறது என்று மாணவர் நம்புகின்றனர். இது பிழை.

நூறு கிலோகிராம் எடையுள்ள பீப்பாயை ஒரு மீட்டர் உயரமுள்ள லாரியில் ஏற்றவேண்டும் என்க. நேரே தூக்கினால் முழு எடையையும் தாங்கவேண்டும். நான்கு மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்து உருட்டினால், உராய்வை நீக்கிப் பார்க்கும்போது, இருபத்தைந்து கிலோகிராம் எடைக்கு ஈடான விசையே போதும். ஆனால் ஒரு மீட்டருக்குப் பதிலாக நான்கு மீட்டர் தள்ளவேண்டும். விசை குறைந்தது, தொலைவு கூடியது, வேலை மாறவில்லை. இயற்கையை எந்திரத்தால் ஏமாற்ற முடியாது என்பதைக் கலிலியோ 1600ஆம் ஆண்டையொட்டி எழுதிய எந்திரவியல் நூலிலேயே விளக்கினார். நம் பாடங்கள் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கின்றன.

பேராக் மாநிலத்து ஆசிரியர்க்கு இதனை விளக்க அயல்நாட்டுப் படங்கள் தேவையில்லை. ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் தோளில் ஏந்திய காண்டாக் கம்பை எடுத்துக்கொள்வோம். ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது இப்பெயர். கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகள் தொங்கும், நடுவே தோள். இது நெம்புகோல் என்று எழுதி நிறுத்திவிடுவது எளிது. ஆனால் இது சுமையைக் குறைக்கிறதா? வாளிக்குப் பதினைந்து கிலோகிராம் என்றால் தோளில் இறங்குவது முப்பதும்தான். கம்பின் எடை வேறு. இங்கே கிடைப்பது சமநிலை மட்டுமே. ஒரு வாளி இருபது, மற்றது பத்து என்றால், சுமப்பவர் தோளைக் கனத்த வாளியின் பக்கம் நகர்த்திக்கொள்வார். வாளிகளுக்கிடையே நூற்றைம்பது சென்டிமீட்டர் இருந்தால், கனத்ததிலிருந்து ஐம்பதிலும் மற்றதிலிருந்து நூறிலும் தோள் அமையும். நெம்புகோல் விதியைப் பள்ளி காணாத தோள்கள் நாள்தோறும் கணக்கிட்டன.

1991இல் அமெரிக்க ஆய்வாளர் ரோட்ஜர் கிராம் வளையும் கம்புகளில் சுமை தாங்கி ஓடுவோரை ஆராய்ந்தார். தோளில் விழும் உச்சத் தாக்கம் குறைந்தது; உடல் செலவிடும் ஆற்றலோ குறையவில்லை. அதுமட்டுமன்று. சுமையோடு சமதரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை சுழி என்பதே பௌதிகக் கணக்கு. பாட்டி காலமெல்லாம் சுமந்தது வேலையே அன்று என்று பாடம் சொல்வதாக ஒரு பேத்தி எண்ணினால், அப்பழி ‘வேலை’ என்ற சொல்லின் இரு பொருளையும் பிரித்துக்காட்டாத நம்மையே சாரும்.

எடுத்துக்காட்டுகளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பால்வெட்டும் உளி ஆப்பு வகையைச் சேர்ந்தது. முனை எவ்வளவு கூரியதோ அவ்வளவு குறைந்த விசையில் பட்டையைச் சீவும். ஆனால் மரத்தில் இடப்புறமிருந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் வெட்டைக் கண்டு, அதனைச் சாய்தளம் என்று எழுதுவது பொருந்தாது. பால் வழிந்து மங்கில் சேரவும், சற்றே சாய்ந்தோடும் பால்குழல்கள் மிகுதியாக வெட்டுப்படவுமே அச்சரிவு, விசையைக் குறைப்பதற்கன்று. சாய்வெல்லாம் சாய்தளமாகா.

மாறாக, உறைந்த பாலைத் தகடாக்கும் கையுருளை எந்திரம் சிறந்த சான்று. கைப்பிடியின் ஆரம் முப்பது சென்டிமீட்டர், உருளையின் ஆரம் ஐந்து என்று கொண்டால், உராய்வு நீங்கலாகக் கையின் விசை ஆறு மடங்காகும். கை செல்லும் தொலைவும் ஆறு மடங்காகும். வரவும் செலவும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரிகின்றன.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஈப்போ நகரில் வளரும் பிள்ளைக்குக் காண்டாக் கம்பு எங்கே தெரியும் என்று சிலர் கேட்பர். முகவாட்டம் வேண்டா. ஒரு கம்பும் இரு வாளித் தண்ணீரும் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். அதனைச் சுமந்த மூத்தோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கியது. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழால் அறிவியல் இயலுமா என்ற வினா ஒவ்வொரு முறையும் எழுந்தது. அதற்குக் கலைச்சொற் பட்டியல் மட்டும் விடையாகாது. வழுவற்ற வாக்கியமே விடை. ஆங்கில நூல்கள் பலவற்றிலும் இதே அரைகுறை வரையறை காணப்படுகிறது. அதனை அப்படியே பெயர்க்காமல் நாம் திருத்தி எழுதலாம்: ‘எளிய எந்திரம் விசையின் அளவையோ திசையையோ மாற்றித் தருவது, விசையில் மிச்சமானதைத் தொலைவில் கொடுத்தே தீரவேண்டும்.’ பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். கையுருளையைச் சுற்றிய அதன் பாட்டிக்கோ இது பழஞ்செய்தி.